மெயினை எட்டுமுன் விழுந்த சர்வீஸ்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இது ஒரு நடுத்தர அளவு சி++ நிரலைப் பற்றியது. வெளியிலிருந்து வரும் தரவுக் கோப்புகளை வாங்கி, ஒரே மாதிரியான பதிவுகளாக மாற்றி, தரவுத்தளத்துக்கு அனுப்புவது அதன் வேலை. லினக்ஸ் சர்வரில் சிஸ்டம்டி (பின்னணி நிரல்களை எழுப்பி, விழுந்தால் மறுபடி எழுப்பும் கருவி) பார்த்துக்கொள்ளும் சர்வீஸாக நீண்ட நாள் தொந்தரவில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. சிஎஸ்வி, ஜேசான், எக்ஸ்எம்எல் என மூன்று வடிவங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வாசிப்பான், ஒவ்வொரு வாசிப்பானுக்கும் தனி சோர்ஸ் ஃபைல்.

வாசிப்பான்கள் தங்களைத் தாங்களே பதிந்துகொள்ளும். ஃபைலின் அடியில் ஒரு குளோபல் ஆப்ஜெக்ட் (எந்த ஃபங்ஷனுக்குள்ளும் அடங்காத பொருள்) இருக்கும். குளோபல்கள் எல்லாம், நிரலின் தொடக்க ஃபங்ஷனான மெயினுக்கு முன்பே பிறந்துவிடும். அந்த ஆப்ஜெக்டின் கன்ஸ்ட்ரக்டர் (அதை உருவாக்கும் ஃபங்ஷன்) ஓடும்போது, ‘ரிஜிஸ்ட்ரி’ என்ற வேறொரு ஃபைலில் இருக்கும் குளோபல் மேப்பில் (பெயரை வைத்துத் தேடும் பட்டியல்) வாசிப்பானின் பெயரைச் சேர்த்துவிடும். புது வடிவம் வந்தால் புது ஃபைல் ஒன்றைப் போட்டால் போதும், பழைய ஃபைல் எதையும் தொட வேண்டாம். இதை எழுதியவருக்கு இந்த அமைப்பின் மேல் கொஞ்சம் பெருமை உண்டு. நியாயமான பெருமைதான்.

நாங்கள் நான்கு பேர்: நிரலை எழுதியவர், சர்வர்களைப் பார்த்துக்கொள்பவர், சேர்ந்து இரண்டு மாதமே ஆன ஒரு புதியவர், அப்புறம் நான். பில்ட் (சோர்ஸை ஓடக்கூடிய பைனரியாக மாற்றுவது) எப்போதும் ஒரு கன்டெய்னருக்குள் (பிரித்து வைத்த தனிச் சூழல்) நடக்கும். கம்பைலர், லைப்ரரிகள், மேக் எல்லாம் அந்த இமேஜுக்குள் இருக்கின்றன. சோர்ஸ் கோப்புறை மட்டும் ஹோஸ்ட் மெஷினின் டிஸ்க்கிலிருந்து மவுன்ட் ஆகும். எந்தெந்த சோர்ஸ் ஃபைல்கள் என்பதை மேக்ஃபைலே (பில்ட் படிகளைச் சொல்லும் ஃபைல்) ‘ஃபைண்ட்’ கட்டளையை ஓட்டித் தேடிக்கொள்ளும்.

முதல் நாள்: மதியம்

பழைய பில்ட் மெஷினை ஓய்வுக்கு அனுப்பிவிட்டுப் புதிது ஒன்றை வைத்தோம். அதே கன்டெய்னர் இமேஜ், அதே கமிட் (நிரலின் பதிவான நிலை). நிரலில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. சோதனைக்காக ஒரு பில்ட் எடுத்து சர்வரில் போட்டோம். சர்வீஸ் எழவே இல்லை.

சிஸ்டம்டியின் நிலை அறிக்கையில் ‘11, செக்வி’ என்று இருந்தது. ஐந்து முறை எழுப்பிப் பார்த்துவிட்டு அது கைவிட்டுவிட்டது (10 விநாடிக்குள் 5 முறை என்பது அதன் இயல்பு வரம்பு). நிரலின் சொந்த லாக் ஃபைலில் ஒரு வரிகூட இல்லை. கையால் ஓட்டினால் ‘செக்மென்டேஷன் ஃபால்ட்’ (தொடக்கூடாத நினைவக முகவரியைத் தொட்டது), வெளியேறும் எண் 139. அதாவது 128 கூட்டல் சிக்னல் எண் 11.

முதல் முடிவை சர்வர் பார்ப்பவர் எடுத்தார்: பழைய பைனரியைத் திருப்பிப் போட்டுவிட்டு அப்புறம் ஆராயலாம். இரண்டு நிமிடத்தில் சேவை திரும்பியது. அன்று நாங்கள் செய்தவற்றில் யோசிக்காமலே சரியாகச் செய்தது இது ஒன்றுதான். அடுத்த சில மணி நேரத்தை வீணாக்கினோம். எப்படி என்பதையும் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் அந்தத் தவறுகள் ஒவ்வொன்றும் அந்த நேரத்தில் நியாயமாகத்தான் தெரிந்தன.

தப்பான தடங்கள்

கெர்னல் லாக்கில் ஒரு வரி இருந்தது. ‘8-இல் செக்ஃபால்ட்’ என்று சொல்லி, கடைசியில் சி++ ஸ்டாண்டர்ட் லைப்ரரியின் பெயரைப் போட்டிருந்தது. அதைப் பார்த்ததும் ‘லைப்ரரி பதிப்புப் பிரச்சினை’ என்று எல்லாரும் ஒரே குரலில் முடிவு கட்டிவிட்டோம். சார்ந்திருக்கும் லைப்ரரிகளை எல்டிடி வைத்துப் பார்த்தால் எல்லாம் கிடைத்தன. பதிப்புகளும் பொருந்தின. உண்மையில் லைப்ரரி பதிப்பு பொருந்தவில்லை என்றால் லோடர் (நிரலையும் லைப்ரரிகளையும் நினைவகத்தில் ஏற்றுவது) பெரும்பாலும் ‘இந்தப் பதிப்பு கிடைக்கவில்லை’ என்று பெயரோடு புலம்பிவிட்டுத்தான் நிற்கும், இப்படி வாய் திறக்காமல் விழாது. அது எங்களுக்குத் தெரியாத விஷயமும் இல்லை.

அடுத்தது ப்ராசஸர். புது பில்ட் மெஷினில் புது ப்ராசஸர் இருக்கிறது, சர்வருக்குப் புரியாத கட்டளைகளைக் கம்பைலர் போட்டிருக்குமோ என்று ஒரு சந்தேகம். இதை ஒரு நிமிடத்தில் தள்ளிவிட்டோம். அப்படியிருந்தால் சிக்னல் 4 வரும், வெளியேறும் எண் 132 ஆக இருக்கும். பிறகு ஸ்டாக் (ஃபங்ஷன்கள் தற்காலிகமாகப் பயன்படுத்தும் நினைவகம்). மெயினுக்குள் எங்காவது பெரிய அரே இருந்தால், வழக்கமான 8 எம்பி ஸ்டாக் வரம்பைத் தாண்டி, உள்ளே நுழைந்தவுடன் விழலாம். வரம்பை எடுத்துவிட்டு ஓட்டினோம். அதேபோல விழுந்தது.

எழுதியவர் இதற்குள் தன் லேப்டாப்பில் ஆப்டிமைசேஷன் (கம்பைலர் நிரலை வேகப்படுத்துவது) இல்லாமல் பில்ட் செய்து அனுப்பினார். அது ஜம்மென்று ஓடியது. ‘ஆப்டிமைசர்தான் கெடுக்கிறது’ என்றார். அந்த பைனரியையே போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்ற யோசனைகூட எழுந்தது. நான் அதே அமைப்பைப் புது பில்ட் மெஷினில் ஓட்டிப் பார்த்தேன். ஆப்டிமைசேஷன் இல்லாமலும் விழுந்தது. ஆக வேறுபாடு ஆப்டிமைசரில் இல்லை, மெஷினில் இருக்கிறது. அவர் ஒரே நேரத்தில் இரண்டை மாற்றியிருந்தார்: கம்பைலர் கொடியையும், பில்ட் செய்த இடத்தையும்.

எங்கே விழுந்தது

புதியவர்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார்: “மெயினுக்கு வருதா இல்லையான்னு பார்த்துட்டோமாங்க?”

பார்க்கவில்லை. மெயினின் முதல் வரியில் ஒரு பிரின்ட் போட்டோம். எதுவும் வரவில்லை. ‘பஃபரில் மாட்டியிருக்கும்’ என்றார் எழுதியவர். அதுவும் நியாயம்தான். வெளியீடு டெர்மினலுக்குப் போகாமல் பைப்புக்கோ ஃபைலுக்கோ போனால், பஃபர் நிரம்பும்வரை எதுவும் வெளியே வராது, நடுவில் விழுந்தால் உள்ளதெல்லாம் போச்சு. அதனால் பஃபர் இல்லாத ஸ்டாண்டர்ட் எரருக்கு மாற்றினோம். அப்போதும் எதுவும் வரவில்லை. எல்டி_டீபக் என்ற சூழல் மாறியை வைத்து ஓட்டியபோது, டைனமிக் லோடர் தன் வேலையை எல்லாம் முடித்து, கட்டுப்பாட்டை நிரலிடம் ஒப்படைக்கிறது என்ற வரிவரை வந்தது. லோடருக்கும் மெயினுக்கும் நடுவில்தான் சாவு.

கோர் டம்ப் (விழுந்த நொடியில் இருந்த நினைவகத்தின் நகல்) எடுக்கலாம் என்றால், கோர் அளவு வரம்பு 0 என்று இருந்தது. அதைத் திறந்துவிட்டு கையால் ஓட்டி, கிடைத்த கோரை ஜிடிபி என்ற டீபக்கரில் திறந்தோம். பைனரி ஸ்ட்ரிப் செய்யப்பட்டது (பெயர்த் தகவல் நீக்கப்பட்டது) என்பதால் நிரலின் ஃபிரேம்கள் (ஒன்றையொன்று அழைத்த ஃபங்ஷன்களின் அடுக்கு) எல்லாம் வெறும் கேள்விக்குறிகள். உச்சியில் ஒரே ஒரு ஃபிரேமுக்குப் பெயர் இருந்தது, அதுவும் லைப்ரரிக்குள் இருப்பதால்: ‘ஆர்பி ட்ரீ டிக்ரிமென்ட்’. மேப் என்பது உள்ளே ஒரு சிவப்பு-கறுப்பு மரம். அந்த மரத்தில் ஒரு கணுவிலிருந்து முந்தைய கணுவுக்குப் போகும் ஃபங்ஷன் அது.

புது மெஷினிலேயே டீபக் தகவலோடு மறுபடி பில்ட் செய்து ஓட்டினோம். இப்போது முழு அடுக்கும் தெரிந்தது. கீழிருந்து மேலாக: ஸ்டார்ட், லிப்சி ஸ்டார்ட் மெயின், குளோபல் இனிஷியலைசர்களை (குளோபல்களின் கன்ஸ்ட்ரக்டர்களை ஓட்டுபவை) வரிசையாக அழைக்கும் ஒரு ஃபங்ஷன், சிஎஸ்வி ஃபைலின் குளோபல் இனிஷியலைசர், ரிஜிஸ்ட்ரியில் சேர்க்கும் ஃபங்ஷன், கடைசியில் அந்த டிக்ரிமென்ட். இதை முதலில் பார்த்த ஒருவர் (நான்தான்) ‘மெயின் வந்துவிட்டதே’ என்றேன். பெயரில் மெயின் இருப்பது லிப்சி என்ற சி லைப்ரரியின் ஃபங்ஷன். எங்கள் மெயின் அந்த அடுக்கில் எங்கேயுமே இல்லை.

8 என்ற முகவரி

இதைக் கொஞ்சம் நின்று பார்த்தோம், ஏனென்றால் பதில் முழுவதும் இந்த எண்ணில்தான் இருந்தது.

எந்த கன்ஸ்ட்ரக்டரும் ஓடுவதற்கு முன், குளோபல் ஆப்ஜெக்டுக்கான நினைவகம் முழுக்கப் பூஜ்யமாக இருக்கும். எங்கள் ரிஜிஸ்ட்ரி மேப்பும் அப்படித்தான். இந்த லைப்ரரியில் மேப்புக்குள் ஒரு தலைக் கணு உண்டு: நிறம், பெற்றோர், இடது, வலது. 64 பிட் மெஷினில் நிறம் 0-ஆம் பைட்டில், பெற்றோர் 8-ஆம் பைட்டில். கன்ஸ்ட்ரக்டர் ஓடியிருந்தால் இடதும் வலதும் தலைக் கணுவையே சுட்டும். ‘மரம் காலி’ என்பதற்கு அதுதான் அடையாளம். ஓடாததால் எல்லாமே பூஜ்யம். புதிதாகச் சேர்க்க வந்த ஃபங்ஷன், ‘இது காலி மரம் இல்லை போலிருக்கிறது’ என்று நினைத்து முந்தைய கணுவைத் தேடப் போனது. டிக்ரிமென்ட் முதலில், தான் நிற்பது தலைக் கணுவா என்று பார்க்கும். நிறம் சிவப்பா (சிவப்பின் எண் 0, ஆக ஆமாம்), பெற்றோரின் பெற்றோர் தானேயா? பெற்றோர் பூஜ்யம். பூஜ்யத்திலிருந்து 8 பைட் தள்ளி இருக்கும் பெற்றோரைப் படிக்கப் போனது. முகவரி 8. விழுந்தது.

மதியம் கெர்னல் லாக்கில் பார்த்த அதே 8. ரிஜிஸ்ட்ரி பிறக்கும் முன்பே சிஎஸ்வி வாசிப்பான் அதில் பெயரெழுதப் போயிருக்கிறது.

ஒரு விதத்தில் மேப்பாக இருந்தது எங்கள் அதிர்ஷ்டம். வெக்டராக (சாதாரண வரிசைப் பட்டியல்) இருந்திருந்தால் பூஜ்ய நிலையிலும் சேர்க்கை நடந்து, பிறகு கன்ஸ்ட்ரக்டர் வந்து எல்லாவற்றையும் துடைத்திருக்கக்கூடும். நிரல் ஓடும், சிஎஸ்வி மட்டும் ‘தெரியாத வடிவம்’ ஆகியிருக்கும். ஆர்வத்துக்காக ஹாஷ் மேப்பாக மாற்றியும் பார்த்தோம். பக்கெட் எண்ணிக்கை பூஜ்யம், அதால் வகுக்கப் போய் ‘ஃப்ளோட்டிங் பாயின்ட் எக்ஸெப்ஷன்’ என்று விழுந்தது. எங்கள் நிரலின் அந்தப் பகுதியில் தசம எண் ஒன்றுகூடக் கிடையாது!

ஏன் இந்த மெஷினில் மட்டும்

ஒரே சோர்ஸ் ஃபைலுக்குள் இருக்கும் குளோபல்கள் எழுதிய வரிசையில் பிறக்கும் என்று சி++ உறுதி தருகிறது. வெவ்வேறு ஃபைல்களுக்கிடையே எந்த வரிசையும் உறுதியில்லை. நடைமுறையில் லினக்ஸில் ஆப்ஜெக்ட் ஃபைல்களை (ஒவ்வொரு சோர்ஸ் ஃபைலும் கம்பைல் ஆன துண்டு), அவற்றை ஒரே பைனரியாக இணைக்கும் லிங்கருக்கு எந்த வரிசையில் கொடுக்கிறோமோ அந்த வரிசையில்தான் இனிஷியலைசர்கள் ஓடுகின்றன.

இரண்டு மெஷின்களின் பில்ட் வெளியீட்டையும் புதியவர் அருகருகே வைத்தார். லிங்க் வரியில் பழைய மெஷினில் ரிஜிஸ்ட்ரி முதலாவது. புதிதில் மூன்றாவது, அதற்கு முன் சிஎஸ்வியும் எக்ஸ்எம்எல்லும். சோர்ஸ் கோப்புறையில் எல்எஸ் கட்டளையை வரிசைப்படுத்தாமல் காட்டும் கொடியோடு ஓட்டினார். லிங்க் வரியில் இருந்த அதே வரிசை அப்படியே வந்தது.

ஃபைண்ட் எதையும் அகர வரிசைப்படுத்தாது, ஃபைல் சிஸ்டம் தரும் வரிசையிலேயே தரும். எங்கள் டிஸ்க்குகளில் இருப்பது எக்ஸ்ட்4. அது கோப்புறையில் உள்ள பெயர்களை ஹாஷ் (பெயரிலிருந்து கணக்கிட்ட எண்) வரிசையில் தருகிறது, அந்த ஹாஷுக்கான விதை எண் ஒவ்வொரு ஃபைல் சிஸ்டத்தையும் ஃபார்மேட் செய்யும்போது புதிதாக உருவாகிறது. ஆக, டிஸ்க் மாறினால் வரிசை மாறும். கன்டெய்னர் இமேஜ் ஒன்றேயாக இருந்தும் பயன் இல்லை, ஏனென்றால் சோர்ஸ் வெளியே இருக்கும் டிஸ்க்கில் இருந்தது.

அப்போது புதியவர் ஒன்று சொன்னார். சேர்ந்த முதல் வாரத்தில் அவருடைய லேப்டாப்பிலும் இந்த நிரல் இப்படியே விழுந்திருக்கிறது. கேட்டதற்கு ‘முழுசா அழிச்சிட்டு மறுபடி கிளோன் பண்ணுங்க’ (சோர்ஸைப் புதிதாக நகலெடுங்கள்) என்று நாங்களே சொல்லியிருக்கிறோம். மூன்று முறை செய்து பார்த்திருக்கிறார். அதே டிஸ்க், அதே விதை, அதே பெயர்கள் என்றால் எத்தனை முறை கிளோன் செய்தாலும் அதே வரிசைதான் வரும். கடைசியில், தன் லேப்டாப்பில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து பில்ட் மெஷினில் உட்கார்ந்து வேலை செய்யப் பழகிக்கொண்டார். நான்கு ஃபைல்களில் ரிஜிஸ்ட்ரி முதலில் வருவதற்கு நான்கில் ஒரு வாய்ப்புதான். கோளாறாகத் தெரிந்த அவருடைய லேப்டாப்பில் நடந்ததே எதிர்பார்க்க வேண்டியது. பழைய பில்ட் மெஷினும் எழுதியவரின் லேப்டாப்பும்தான் விதிவிலக்கு.

நிரூபணம்

ஊகத்தோடு நிறுத்தவில்லை. புது மெஷினில் உருவான அதே ஆப்ஜெக்ட் ஃபைல்களை எடுத்து, எதையும் மறுபடி கம்பைல் செய்யாமல், லிங்க் வரியை மட்டும் கையால் தட்டினேன். ரிஜிஸ்ட்ரி முதலில்: ஓடியது. கடைசியில்: விழுந்தது. மறுபடி முதலில்: ஓடியது. பழைய மெஷினின் ஆப்ஜெக்ட் ஃபைல்களைப் புதிதன் வரிசையில் லிங்க் செய்தபோது அதுவும் விழுந்தது. இந்த நான்கு ஓட்டங்களுக்கு ஆனது பத்து நிமிடம்.

எடுத்த முடிவுகளும் காரணமும்

அன்றிரவுக்கு லிங்க் வரியில் ரிஜிஸ்ட்ரியைக் கையால் முதலில் வைத்தோம். ஒட்டுப்போட்டது என்று தெரிந்தே செய்தோம், மேக்ஃபைலில் தேதியோடு ஒரு குறிப்பும் எழுதினோம். ஃபைல்களை அகர வரிசைப்படுத்தினால் போதும் என்று ஒருவர் சொன்னார். செய்து பார்த்தால் ஆங்கில அகர வரிசையில் சிஎஸ்வி முன்னால் வந்து, எல்லா மெஷினிலும் தவறாமல் விழும்.

மறுநாள் நிரந்தரத் தீர்வுக்கு இரண்டு வழிகள் பேசினோம். ஜிசிசி கம்பைலரில் ஒரு குளோபலுக்கு முன்னுரிமை எண் கொடுக்கலாம், 101 முதல் 65535 வரை, சிறிய எண் முதலில் பிறக்கும். எழுதியவருக்கு இது பிடித்திருந்தது, ஒரே வரி மாற்றம். எனக்குப் பிடிக்கவில்லை. இன்று ரிஜிஸ்ட்ரிக்கு 101 கொடுப்போம், நாளை ரிஜிஸ்ட்ரிக்கு முன் பிறக்க வேண்டிய ஒன்று வரும், அப்போது யார் எந்த எண் என்று பட்டியல் போட்டுக்கொண்டிருக்க வேண்டும். கொஞ்ச நேரம் வாதாடிவிட்டு அவரே இறங்கி வந்தார்.

இரண்டாவது வழியைத் தேர்ந்தோம். குளோபல் மேப்பை எடுத்துவிட்டு, அதை ஒரு ஃபங்ஷனுக்குள் ஸ்டாட்டிக் மாறியாக வைத்தோம். ஃபங்ஷனை முதல் முறை அழைக்கும்போது மேப் பிறக்கும். யார் முதலில் வந்தாலும் கதவைத் தட்டினால் வீட்டுக்காரர் இருப்பார். சி++11 முதல் இது பல த்ரெட்களுக்கு நடுவிலும் பாதுகாப்பானது. மாற்றம் மொத்தம் ஆறு வரி. புதியவரின் லேப்டாப்பில் அன்றுதான் முதல் முறையாக நிரல் ஓடியது.

பின்னர் நடந்தது

அதே சூட்டில், லாக் எழுதும் குளோபலையும் இதே மாதிரி ஃபங்ஷனுக்குள் தள்ளினோம். இரண்டு வாரம் கழித்து சர்வீஸ் நிற்கும்போது விழ ஆரம்பித்தது. ஸ்டாட்டிக்குகள் பிறந்த வரிசைக்கு நேர் எதிராக இறக்கும். கனெக்ஷன்களை வைத்திருக்கும் குளோபல் முதலில் பிறந்தது, அதன் கன்ஸ்ட்ரக்டர் லாக்கைத் தொடவில்லை. லாக் அதற்குப் பின்தான் முதல் முறை அழைக்கப்பட்டுப் பிறந்தது, ஆகவே முதலில் இறந்தது. கனெக்ஷன் ஆப்ஜெக்டின் டெஸ்ட்ரக்டர் (இறக்கும்போது ஓடும் ஃபங்ஷன்) ‘மூடிவிட்டேன்’ என்று ஒரு வரி எழுதப் போய், இல்லாத லாக்கில் எழுதியது. ரிஜிஸ்ட்ரியில் இந்தச் சிக்கல் இல்லை. வாசிப்பானின் கன்ஸ்ட்ரக்டரே அதை அழைப்பதால், வாசிப்பானுக்கு முன் அது பிறந்து முடிந்துவிடும், பின்னால்தான் இறக்கும்.

லாக்கை நியூ போட்டு உருவாக்கி, ஒருபோதும் டிலீட் செய்யாமல் விட்டோம். பார்க்க அழுக்காக இருக்கும். ஆனால் ப்ராசஸ் முடியும்போது நினைவகத்தை ஆப்பரேட்டிங் சிஸ்டமே எடுத்துக்கொள்ளும். ஃபைலுக்குப் போக வேண்டியது பஃபரில் தங்காதபடி, ஒவ்வொரு வரிக்கும் ஃப்ளஷ் சேர்த்தோம்.

இப்போது மாற்றியவை, மாற்ற வேண்டியவை

மேக்ஃபைலில் ஃபைல் பட்டியல் இப்போது அகர வரிசையில் போகிறது, எல்லா மெஷினிலும் ஒரே பைனரி வர வேண்டும் என்பதற்காக. அதற்கு நேர்மாறாக, இரவில் ஓடும் பில்டில் அதே பட்டியலை ஷஃப் கட்டளையால் கலைத்துப் போட்டு லிங்க் செய்து, எழுப்பி, நிறுத்திப் பார்க்கிறோம். கலைத்த வரிசையை லாக்கில் எழுதி வைக்கிறோம், விழுந்தால் அதே வரிசையை மறுபடி எடுக்க. அட்ரஸ் சானிடைசரில் (நினைவகத் தவறுகளைப் பிடிக்கும் கருவி) இனிஷியலைசேஷன் வரிசையைச் சோதிக்கும் விருப்பம் ஒன்று உண்டு, அதையும் அந்த பில்டில் இயக்கிவிட்டோம். முன்பே இருந்த யூனிட் டெஸ்ட்களில் இது சிக்காததற்குக் காரணம், ஒவ்வொரு டெஸ்ட்டும் ஒரே ஒரு வாசிப்பானை மட்டும் ரிஜிஸ்ட்ரியோடு லிங்க் செய்தது, அதிலும் ரிஜிஸ்ட்ரியைக் கையால் முதலில் எழுதியிருந்தார்கள்.

சர்வரில் கோர் டம்ப் திறந்திருக்கிறது. ஸ்ட்ரிப் செய்வதற்கு முன் டீபக் தகவலைத் தனி ஃபைலாக எடுத்து வைக்கிறோம். இது முன்பே இருந்திருந்தால் அந்த மதியத்தில் மூன்று மணி நேரம் மிச்சம். ‘மறுபடி கிளோன் பண்ணுங்க’ என்று யாரிடமாவது சொன்னால், அது ஏன் உதவும் என்று ஒரு வரியும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று பேசிக்கொண்டோம். இதுவரை யாராலும் அந்த வரியைச் சொல்ல முடிந்ததில்லை.

கன்ஸ்ட்ரக்டர் உள்ள குளோபல்களை எண்ணியபோது பதினொன்று இருந்தன. ஏழை மாற்றிவிட்டோம். மிச்சம் நான்கும் வேறு ஃபைலைத் தொடுவதில்லை என்பதால் காத்திருக்கின்றன. வாசிப்பான்களை ஸ்டாட்டிக் லைப்ரரியாகப் பிரிக்கும் திட்டத்தையும் நிறுத்தி வைத்திருக்கிறோம். நேரடியாக யாரும் அழைக்காத ஆப்ஜெக்ட் ஃபைலை லைப்ரரியிலிருந்து லிங்கர் எடுத்துக்கொள்ளவே எடுத்துக்கொள்ளாது. அப்போது விழுவதற்குப் பதில் மூன்று வாசிப்பான்களும் சத்தமில்லாமல் காணாமல் போகும்.